நிஜமா டெலிவரிதாங்க பேசறேன்

பார்சல் டெலிவரி வேலையில் பாரம் தூக்குவது பெரிய விஷயமே இல்லை. வாசலில் நிற்கிற நான் நிஜம் என்று நம்ப வைப்பதற்குத்தான் தெம்பு வேண்டும். மரக்காணம் கிளையில் ஸ்கூட்டியில் பார்சல் கொண்டுபோகும் ஒரே பெண் நான். பெயர் கலா. "உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, முகவரியைச் சரிசெய்ய இந்த லிங்க்கை அழுத்தவும்" என்று உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்கும். அதனால் உங்களுக்கு ஒரு தலைவலி என்றால் எனக்கு இரண்டு. பொய்யை நம்புகிறவர்களைத் தடுக்க வேண்டும், ஏற்கெனவே ஏமாந்தவர்கள் என்னை நம்பும்படியும் செய்ய வேண்டும். இரண்டையும் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன்.

உப்பளத்தில் ஓ.டி.பி.

ஏழுமலை அண்ணன் உப்பளத்தில் மேஸ்திரி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்துப்போய், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஆர்டர் போட்டிருந்தார். போன் செய்து "கூரியர்லருந்து பேசறேன்" என்றதும் கட். மறுபடி அடித்தால், "ஏம்மா, வேற ஆளைப் பாரு" என்று கட். அவருடைய மச்சான் இப்படி ஒரு போனில் ஏமாந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்தி வரப்பிலேயே நடந்து போய்விட்டேன்.

பெட்டியைத் தட்டிப் பார்த்தார். என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, குடு" என்றார். "ஓ.டி.பி. சொல்லுங்கண்ணா" என்றேன். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். நான் அசையவில்லை. "உங்க போனை நான் தொட மாட்டேன். இங்க படிக்கத் தெரிஞ்ச யாராவது அந்த மெசேஜை வாசிக்கட்டும். அதுல பணம்னு ஒரு வார்த்தை இருந்தா எனக்கு நம்பரே சொல்ல வேணாம்" என்றேன். அங்கே வேலை செய்த ஒரு அக்கா வந்து வாசித்தாள். பார்சலைப் பெற்றுக்கொள்ள என்று மட்டும்தான் இருந்தது. அண்ணன் என் காதருகே குனிந்து ரகசியமாக எண்ணைச் சொன்னார். பூட்ஸைப் போட்டு ரெண்டு அடி நடந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நம்பரைச் சொல்லிட்டேன்மா, ஆனா ஒரு வாரம் போகட்டும், அப்பறமா உன்ன நம்பறேன்."

எங்கள் ஆபீஸிலிருந்தே ஒரு போன்

காலையில் ஆபீஸில் உட்கார்ந்து பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "வணக்கம் மேடம், மரக்காணம் பிராஞ்ச்லருந்து பேசறோம், உங்க பேர்ல ஒரு பார்சல் நிக்குது" என்றது ஒரு குரல். என்னோடு டெலிவரி வேலை பார்க்கும் முருகன் பக்கத்தில் இருந்தான், அவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "பிராஞ்ச் எங்க இருக்கு சார்?" என்றேன். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மேடம்." நாங்கள் இருப்பது அங்கேயிருந்து ரொம்ப தூரம். "நானும் அந்த பிராஞ்ச்லதான் சார் உக்காந்திருக்கேன், உங்களைக் காணோமே?" என்றேன். அவன் கோபப்படவே இல்லை. "சிரமத்துக்கு மன்னிக்கணும் மேடம், இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நான் சிரித்தேன். முருகன் சிரிக்கவில்லை. வெயிலில் அலைந்துவிட்டு நாங்கள் ஜனங்களிடம் எரிந்து விழுகிற மாதிரி பேசுவது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். யோசித்துவிட்டுச் சொன்னான்: "நம்மளவிட இவன் மரியாதையா பேசறான்க்கா, அதான் ஜனங்க இவன நம்பறாங்க."

நூர்ஜஹான் அக்கா எதிர்பார்த்த பார்சல்

கூனிமேட்டில் ஒரு வீட்டுக்குத் துணி பார்சல் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா கைதட்டிக் கூப்பிட்டார். "கலா, என் பார்சலுக்கு இப்பதாம்மா எல்லாம் எழுதி அனுப்பினேன், கையோட குடுத்துட்டுப் போ" என்றார். அவர் பெயரில் என் பையில் எதுவும் இல்லை. போனை வாங்கிப் பார்த்தேன். கார்டு நம்பர், பின்னாலிருக்கும் மூன்று எண்கள் எல்லாம் போட்டு முடித்து, ஓ.டி.பி. கேட்கும் இடத்தில் நின்றிருந்தது. மேலே பேங்க் மெசேஜும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததால் அக்காவுக்குப் புரியவில்லை. முகவரி திருத்தச் சில்லறைக் காசு என்று சொன்னவன், கணக்கில் இருந்ததை ஒட்டுமொத்தமாகக் கேட்டிருந்தான்.

"யா அல்லாஹ்! அது குழுப் பணம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளிர் குழுவுக்கு அவர்தான் பொருளாளர். தெருப் பெண்கள் எல்லாரும் அவரை நம்பிக் கொடுத்தது. போனால் பணம் மட்டுமா போகும்? நிக்காஹ், மவுத் என்று நல்லது கெட்டது எதற்கும் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. "எண்ணைச் சொல்லாத வரைக்கும் ஒண்ணும் போகாதுக்கா, எழுந்திரிங்க" என்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக பேங்குக்குப் போனேன். கார்டை நிறுத்தினார்கள். கணக்கு அப்படியே இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. "ஆமா, என்னக்கா ஆர்டர் போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமே போடலம்மா. ஆனா பார்சல் வந்திருக்குன்னு சொன்னா யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா?"

ஆபீஸ் ஈமெயிலின் குப்பை

எங்கள் கிளையை நடத்தும் தேவராஜ் அண்ணனுக்கு ஈமெயில் என்றாலே வெறுப்பு. லாட்டரி, லோன், முடி வளரத் தைலம் என்று குவியும். 'அவசரம்' என்று தலைப்பில் இருந்தால் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்து வைத்திருந்தார். ஒருநாள் ஜெயராணி என்று ஒரு அம்மா ஏழாவது படிக்கும் மகளோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார். மகள் பிரின்ஸியின் காது மிஷின் ரிப்பேருக்குச் சென்னை போயிருந்தது. அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், வரவில்லை. பாடம் காதில் விழாததால் பிள்ளை பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். கம்ப்யூட்டரில் தேடிய அண்ணன், "அப்படி எதுவும் வரலியேம்மா" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குப்பையைத் திறங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். தைலத்துக்கும் லாட்டரிக்கும் நடுவில் 'அவசரம்' என்ற தலைப்போடு சென்னைக் கடைக்காரர் அனுப்பிய மெயில் கிடந்தது. பெட்டியில் தெரு பெயர் விட்டுப்போச்சு, போன் நம்பரும் தப்பு, சரியானது இதோ என்று எழுதியிருந்தார். திருப்பி அனுப்பும் பார்சல்கள் இருந்த அலமாரிக்கு ஓடினேன். வேன் வாசலில் நின்றிருந்தது, டிரைவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லித் தேடினேன். உள்ளங்கை அளவு பெட்டி, கடைசியில் கிடைத்தது. ஜெயராணி அதை மகளுக்கு மாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவரையும் வீட்டில் விட்டுவிடலாம் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பிரின்ஸி சட்டென்று காதைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, உங்க ஸ்கூட்டியையும் ரிப்பேருக்கு அனுப்புங்க, ரொம்ப கத்துது."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பொய் சொல்கிறவனுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு மெசேஜ் போதும், நிஜத்தைச் சொல்கிறவள்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு நேரில் வர வேண்டியிருக்கிறது.