அந்தக் கதவு குறியீடு இல்லைங்க

கதவு குறியீடாம்.

தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து, அந்த வரிசை வீட்டுலயே வளந்து, மழைக் காலத்துல அப்பன் ஆத்தாளோட கோயில் மடத்துல போய்ப் படுத்து எந்திரிச்ச ஒரு மனுசன் சொன்னது இது. "எங்க வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது"ன்னு ஒரு பொண்ணு அவ பிளொக்குல எழுதியிருந்தா. அதுக்குக் கீழ இவரு, "அருமை சகோதரி. சாத்த முடியாத அந்தக் கதவு நம் சமூகத்தின் குறியீடு. தொடருங்கள்"னு எழுதி வெச்சாரு. அவருக்குப் பின்னால ஒரு கூட்டமே வந்து அதையே சொல்லிட்டுப் போச்சு. மலைச் சரிவுல நிக்கிற லயத்துல, நேத்து வரைக்கும் சாத்துன கதவு இன்னைக்குச் சாத்தலைன்னா செவுரு நகந்திருச்சுன்னு அர்த்தம். இது அந்தக் கூட்டத்துல இருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். தெரிஞ்சும் அருமைன்னாங்க. அந்த வீட்டுக்குள்ள ஒரு கைக்குழந்தை இருந்துச்சு.

நான் இலங்கை மலையகத்துல, கொட்டகலைப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கவிதை கிவிதையெல்லாம் எழுத வராது, ஆனா படிப்பேன். ஸ்கூல் விட்டு பஸ் வர்ற வரைக்கும் பஜார்ல ஒரு முஸ்லிம் நானா கடையிலதான் நிப்பேன். போனுக்கு ரீலோட் போடுறதும் அவருகிட்ட, குடையை மறந்து வெச்சுட்டுப் போறதும் அவருகிட்ட. அங்க நின்னுக்கிட்டே போன்ல பிளொக் படிக்கிறது பழக்கமாப் போச்சு. ஊரு ஒலகமே வீடியோவுக்குப் போயிருச்சே, இன்னுமா பிளொக் எழுதுறாங்கன்னு கேக்காதீங்க. எழுதுறாங்க. எங்க ஆளுங்க ஒண்ணைப் புடிச்சா லேசுல விட மாட்டாங்க.

எழுதுறவங்கல்லாம் சேந்து ஒரு குரூப் வெச்சிருந்தாங்க. ஹட்டன்ல ஒரு ஆபிஸ்ல வேலை பாக்குற ஒருத்தர்தான் அதுக்குத் தலை. குறியீடு சொன்ன மகராசன் அவருதான், அதனால குறியீட்டு ஐயான்னே சொல்றேன். யாராவது ஒரு பதிவு போட்டா குரூப்புக்குத் தகவல் வரும். எல்லாரும் போய் ஆளுக்கு ஒரு கொமெண்ட் போட்டுட்டு வரணும். தோட்டத்துல எழவு விழுந்தா வீட்டுக்கு ஒரு ஆள் போய்த் தலையைக் காட்டிட்டு வருவோமே, அதே முறைதான். நீங்க போகலைன்னா ஒங்க வீட்டு எழவுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. ஆனா எழவு வீட்டுல செத்தது யாருன்னாவது கேட்டுட்டுத்தான் அழுவோம். இங்க அந்த மரியாதைகூடக் கிடையாது. பதிவை முழுசாத் தொறக்காமலே அழுதுட்டுப் போயிருவாங்க.

என்னையும் அதுல சேத்து விட்டாங்க. போன மொத எழவுலயே நான் பேரைக் கெடுத்துக்கிட்டேன். நெலா வெளிச்சத்துல கொழுந்து பறிக்கிற கன்னியைப் பத்தி ஒருத்தர் கவிதை எழுதியிருந்தாரு. எந்தத் தோட்டத்துலங்க ராத்திரியில கொழுந்து எடுக்கச் சொல்றாங்க, அந்த அநியாயத்தை யூனியன்ல சொன்னீங்களான்னு நான் கேட்டு எழுதினேன். மனசாரத்தான் கேட்டேன். அவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு மாசம் எழுதலையாம். டீச்சருக்கு ரசனை பத்தாதுன்னு குரூப்புல பேசிக்கிட்டாங்க. பத்தாதுதான். பத்தாம கெடந்துட்டுப் போகட்டும்னு நான் குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன்.

அதுக்கப்புறம் எதைத் தொடந்து படிக்கிறது, எதுக்குக் கீழ வாயத் தொறக்கிறதுன்னு நானே பொறுக்க ஆரம்பிச்சேன். ஐயோ, அந்த வேலை இருக்கே, அரிசியில கல்லுப் பொறுக்கப் போய், கல்லுல அரிசி தேடுற கதையாயிருச்சு. வெளிநாட்டுல ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒருத்தர் வாராவாரம் பனி மூடுன மலையை நெனச்சு உருகுவாரு. அந்தப் பனியில பிள்ளைங்க துணி காயாதுங்க ஐயான்னு எழுதினேன். ஒரு அம்மா நல்லதண்ணியில இருந்து சிவனொளிபாத மலை ஏறுனதைத் தொடரா எழுதினாங்க. முட்டி வலிச்சது ஒரு பதிவு, சூரியன் உதிச்சது ஒரு பதிவு, எறங்கும்போது மறுபடியும் முட்டி. சீசன் முழுக்கக் கடை போட்டுக் குளுருல நடுங்கிக்கிட்டு நிக்கிற சனத்துக்கு அதுல ஒரு வரி இல்ல. அப்புறம் பாட்டன் கதைக்காரங்க. எல்லாரோட பாட்டனும் இந்தியாவுல இருந்து ஒரே மாதிரி நடந்து வர்றாரு, ஒரே மாதிரி அட்டைக் கடி வாங்குறாரு, ஒரே மாதிரி கண்ணைத் தொடைச்சுக்கிறாரு. ஒரு பாட்டனாவது வழியில யாரையாவது திட்டியிருக்க மாட்டாரா? என் பாட்டன் திட்டாத நாள் கிடையாதுன்னு வீட்டுல சொல்வாங்க.

கடைசியில மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. இறம்பொடைக்கு மேல ஒரு தோட்டத்துல வாழ்க்கைப்பட்டுப் போன பொண்ணு எழுதுற பிளொக். புருசன் கொழும்புல கடையில நிக்கிறான். இவ மாமியாரோடயும் கைக்குழந்தையோடயும் தொங்கல் காம்பராவுல, அதாவது லயத்தோட கடைசி வீட்டுல இருக்கா. முதுகுக்குப் பின்னால நேரா மலை. அவ எழுத்து இப்படித்தான் இருக்கும்: பீலிக் குழாயில தண்ணி மெதுவா வந்துச்சு, குடம் நெறைய நேரமாச்சு, பக்கத்து வீட்டு அக்கா குடத்தை முன்னால வெச்சுட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான் பதிவு. அடுத்த தடவை சொல்லிருன்னு நான் கொமெண்ட் போட்டேன். சொல்லிட்டேங்க டீச்சர்னு அடுத்த வாரம் எழுதினா. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பாத்ததை மட்டும் எழுதுற ஒரு ஆளைக் கண்டுபுடிக்க அவ்வளவு குப்பையைக் கிளற வேண்டியிருந்துச்சு.

நல்லது இருக்கிற எடம் தெரிஞ்சா இவங்களுக்கு மூக்கு வேத்துரும். குரூப்புக்காரங்க அவளைக் கண்டுபுடிச்சுச் சேத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் என் ஒரு கொமெண்டோட கெடந்த பக்கத்துல அருமை, அற்புதம், கண் கலங்கியது, தொடருங்கள்னு கொட்டுச்சு. தண்ணி வரலைன்னு எழுதுனா ஏக்கம்ங்கிறாங்க. உப்பு தீந்துருச்சுன்னு எழுதுனா வாழ்வின் சுவைங்கிறாங்க. அவளும் சின்னப் பொண்ணுதானே, பூரிச்சுப் போயிட்டா. வீட்டுல ஒரு வாய்ப் பாராட்டு கேட்டிருக்க மாட்டா பாவம்.

அப்பத்தான் மழை புடிச்சுச்சு. விடாத மழை. ரோட்டுல அங்கங்க மண்ணு விழுந்து நுவரெலியாப் பக்கம் பஸ் நின்னு போச்சு. அந்த மழைக்கு நடுவுல அவ எழுதினா: முன்கதவு கீழ இடிக்குது, அத்தை கத்தியால சீவி விட்டாங்க, சாயங்காலம் சாத்துச்சு, காலையில மறுபடி இடிக்குது, இப்ப மேலயும் இடிக்குது, பீலித் தண்ணி தேத்தண்ணி நெறத்துல வருது. நானா கடையில நின்னு இதைப் படிச்சேன். கீழ பாத்தா குறியீடு, குறியீடு, குறியீடு. ஒடனே எழுதினேன்.

"கதவு குறியீடு இல்லம்மா. ஒங்க செவுரு எறங்குது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளிய போ."

கொஞ்ச நேரத்துல பதில் வந்துச்சு. "விமர்சனத்துக்கு ரொம்ப நன்றிங்க டீச்சர். அடுத்த பதிவுல திருத்திக்கிறேன்."

தலையில அடிச்சுக்கிட்டேன். உசுருக்குச் சொன்னா அதை விமர்சனம்னு வாங்கி வெச்சுக்கிறா! அருமை அருமைன்னு கொமெண்ட் பாத்துப் பழகாத எந்தப் பொண்ணும் இப்படி ஒரு தப்பைப் பண்ண மாட்டா. குறியீட்டு ஐயா வேற அவளுக்கு வக்காலத்து வாங்கிக்கிட்டு வந்தாரு. வளரும் படைப்பாளியைப் பயமுறுத்தக் கூடாது, டீச்சர் பொறாமையில பேசுறாங்கன்னு நீளமா எழுதினாரு. நான் எதைப் பாத்துப் பொறாமைப்படணும்? இடிக்கிற கதவைப் பாத்தா?

மறுநாள் அவ சொன்ன மாதிரியே திருத்திட்டா. சாத்தாத கதவு போல என் மனசுன்னு ஆரம்பிச்சு ஒரு கவிதை. பின்செவுத்துல விழுந்த வெடிப்பு அவ கனவோட கைரேகையாம். கை நொழையிற அளவுக்கு வெடிப்புங்கிறது அதுல அலங்காரத்துக்கு நடுவுல ஒரு வார்த்தையா ஒளிஞ்சு கெடந்துச்சு. பாத்ததைப் பாத்தபடி எழுதுன பொண்ணை நாலு அருமை போட்டுக் குருடாக்கிட்டாங்க. அதுக்கும் கீழ கைதட்டல்.

போனை அப்படியே நானாகிட்ட நீட்டினேன். அவரு கண்ணாடியைப் போட்டு ரெண்டு பதிவையும் நிதானமாப் படிச்சாரு. கவிதையப் பத்தி ஒரு பேச்சு இல்ல. "எந்தத் தோட்டம் டீச்சர்? எங்க மச்சான் இறம்பொடையிலதான் கடை வெச்சிருக்காரு"ன்னாரு. எந்தத் தோட்டம்னு எனக்குத் தெரியாது. கவிதை அருமைம்மா, ஒன் போன் நம்பர் வேணும், பேசணும்னு எழுதினேன். அருமைங்கிற வார்த்தைக்கு நம்பர் உடனே வந்துச்சு, என் ஈமெயிலுக்கு. நான் ஒருத்தருக்கும் சும்மா அருமை சொல்றவ இல்ல. அன்னைக்குச் சொன்னேன், சொன்னதுக்கு வருத்தமும் இல்ல.

நானா கடையில நின்னே கூப்பிட்டேன். அவ கவிதையப் பத்திப் பேச ஆரம்பிச்சா. மாமியார்கிட்ட போனைக் குடுன்னேன். ஒங்க பின்செவுத்து வெடிப்புல கை போகுதாம்மான்னு கேட்டேன். அந்த அம்மா சொன்னாங்க:

"முழங்கை வரைக்கும் போகுதுங்க. நேத்துல இருந்து போவோம் போவோம்னு சொல்றேன். தோட்டத்துத் துரைகிட்ட சொன்னா மழை விடட்டும், பாப்போம்ங்கிறாரு. இவ என்னடான்னா அதை எழுதிக்கிட்டே இருக்கா."

தோட்டத்துப் பேரை அந்த அம்மாதான் சொன்னாங்க. நானா மச்சானுக்குப் போன் போட்டாரு. மழையோட மழையா அவரு ஒரு வேனை அனுப்பி, அந்த லயத்துல வர சம்மதிச்ச எல்லாரையும் ஏத்திக் கீழ ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டாரு. கதவைப் பூட்டிட்டு வரணும்னு அவ நின்னாளாம். பூட்டுறதுக்குக் கதவு சாத்தினாத்தானே. அப்படியே தொறந்து போட்டுட்டு வந்திருக்காங்க.

அடுத்த நாள் பகல்ல மலை எறங்கி வந்து தொங்கல் காம்பராவையும் அதுக்கு அடுத்ததையும் மூடிருச்சு. உள்ள ஒருத்தரும் இல்ல. சேதி கேட்டப்ப நான் கிளாஸ்ல இருந்தேன். பிள்ளைங்க பாக்கட்டும்னு கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே அழுதேன்.

தங்கியிருந்த ஸ்கூல் ஹால்ல உக்காந்து அவ ஒரு பதிவு போட்டா. பழைய மாதிரி. வீடு போயிருச்சு, அத்தை நல்லா இருக்காங்க, பிள்ளைக்குச் சளி, பால்மாப் பேக்கட்டும் ரெண்டு பாயும் குடுத்தாங்கன்னு. மொத கொமெண்ட் யாரோடதுன்னு நெனைக்கிறீங்க? ஹட்டன்ல இருக்கிற குறியீட்டு ஐயாவோடதுதான்.

"அருமையான முடிவு சகோதரி. அந்தக் கதவை இவ்வளவு அழகாக யாரும் முடித்ததில்லை. தொடருங்கள்."

அதுவரைக்கும் யாருக்கும் நன்றியைத் தவிர ஒரு வார்த்தை எழுதாதவ, அதுக்குக் கீழ எழுதினா: "இது முடிவு இல்லைங்க ஐயா. எங்க வீடு."

அதோட குரூப்புக்காரங்க அவ பக்கத்துக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அகம்பாவம் வந்துருச்சாம் பொண்ணுக்கு. ஒரு பாய்கூட அனுப்பாதவங்க அகம்பாவத்தைப் பத்திப் பேசுறாங்க. ஐயா இப்போ வேற யாரோ ஒருத்தரோட ஒழுகுற கூரையில குறியீடு தேடிக்கிட்டு இருக்காரு.

நான் தொடந்து படிக்கிறது இன்னைக்கும் அந்த ஒரு பிளொக்தான். புது வீடு தர்றோம்னு வந்து படம் புடிச்சுட்டுப் போனவங்க திரும்பி வரல. அவ குடும்பத்தை ஸ்கூல்ல இருந்து எழுப்பி, தோட்டத்துப் பழைய மருந்துக் கிடங்குல குடி வெச்சிருக்காங்க. போன வாரம் அவ பதிவுக்குக் கீழ, அங்கயாவது கதவு ஒழுங்காச் சாத்துதாம்மான்னு கேட்டேன்.

"இங்க கதவே இல்லைங்க டீச்சர். சேலையைக் கட்டித் தொங்க விட்டிருக்கோம்"னு எழுதியிருந்தா.

அதுக்குக் கீழ எத்தனை தடவை போய்ப் பாத்தாலும், என் பேரைத் தவிர வேற ஒரு பேரும் இல்ல.