தங்கச்சி வீட்டுச் சாமான் பட்டியல்

என் தங்கச்சி கொழும்பில் மாடிவீடு வாங்கினாள். ஐந்தாம் மாடி. எனக்கு வயிறு எரிந்தது, இதை மறைத்து என்ன பயன்? ஸ்கந்தபுரத்தில் என் வீட்டுச் சுவர் வெடித்து மூன்று மாரி போய்விட்டது. அவள் லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகிறாள்.

கோயில் திருவிழாவுக்கு வந்தபோது காப்புறுதிப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் யாருக்குப் படிவம் வந்தாலும் நிரப்பிக் கொடுப்பது நான்தான்.

“கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு எல்லாம் முழுக் கட்டடத்துக்கும் பொதுவாப் போட்ட காப்புறுதியிலை வருமாம் அக்கா. வீட்டுக்குள்ளை இருக்கிற சாமானுக்கு நாங்கள்தான் தனியப் போடோணுமாம். நீங்களே நிரப்பித் தாங்கோ.”

“கூரையும் உன்ரை இல்லை, சுவரும் உன்ரை இல்லை. பிறகென்னடி வீட்டுக்காரி?” என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

தொலைபேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், சலவை மெஷின், சுவர் அகலத்துக்கு டிவி, தேக்கு அலுமாரி. எல்லாவற்றையும் முதலில் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டேன். எழுத எழுத எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் இருக்கும் அலுமாரிக்கு ஒரு கால் செங்கல்.

இடம்பெயர்ந்து திரும்பிவந்த காலத்தில் நாங்கள் ஒன்று பழகியிருந்தோம். வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று படிவம் கேட்டால் குறைத்துத்தான் எழுதுவோம். சைக்கிள் இருக்கிறது என்று எழுதினாலே நிவாரணத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். அந்தக் கை அப்படியே ஓடியது. கட்டில் ஒன்று, மேசை ஒன்று, கதிரை நான்கு என்று படிவத்தில் எழுதி நிறுத்தினேன்.

தங்கச்சி வாசித்துப் பார்த்தாள். “கனக்க எழுதினால் வெட்டிப்போடுவாங்கள், என்ன அக்கா?”

“ஓம்,” என்றேன்.

கையெழுத்து வைத்தாள். படிவத்தின் பின்பக்கத்தில், எழுதாத பொருளுக்கு இழப்பீடு கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அவள் திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன்.

அடுத்த மாரிக்கு முன்பே மேல்வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தங்கச்சியும் புருசனும் வேலைக்குப் போயிருந்த பகல் முழுவதும் தண்ணீர் இவள் வீட்டுக்குள் கொட்டியிருக்கிறது. மேல்தட்டையும் சுவரையும் கட்டடக் காப்புறுதி திருத்திக் கொடுத்தது. உள்ளே கட்டில், மேசை, கதிரைகளுக்கு மட்டும் இழப்பீடு வந்தது. ஃபிரிட்ஜும் டிவியும் தண்ணீர் புகுந்து பழுதாகிவிட்டன. தேக்கு அலுமாரி ஊதிப் பிளந்துபோயிற்று.

அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்கள் மனவருத்தப்படாதேங்கோ அக்கா. எங்கடை நிவாரணப் பழக்கம், என்ன செய்யிறது? நானும் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனான்.”

பழக்கம் இல்லையடி, பொறாமை என்று சொல்ல வாய்வரை வந்தது. “சாப்பிட்டியோ?” என்று கேட்டேன்.

போன கிழமை புதுப் படிவம் தபாலில் வந்தது. ‘அக்காவே நிரப்பவும்’ என்று மேலே எழுதியிருந்தாள். ஒன்றும் விடாமல் நிரப்பினேன். பின்பக்கத்துச் சின்ன எழுத்தின் கீழே சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன். திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். புது அலுமாரி பழையதைவிடப் பெரிது. அதை எழுதும்போதும் எரிந்தது.