மூங்கிலுக்குக் கட்டிய படங்கு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். படித்து முடித்து, கண்டி நகரத்தில் ஒரு சிறுவர் பள்ளியில் ஆசிரியையானேன். என் வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசையில் இருப்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஏறி விளையாட ஏதாவது வேண்டும் என்றார் பெரிய டீச்சர். நானே படம் வரைந்தேன். மகாவலிக் கரை மூங்கிலில் நான்கு கால்கள், குறுக்கே கொய்யாக் கம்புகள், கட்டுவதற்குத் தென்னங்கயிறு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டினார்கள். அந்தப் பக்கமாக நான் தேவையில்லாமல் பலமுறை நடந்தேன்.

கூலியாட்கள் கட்டி முடித்த பிறகு, பள்ளிக்கூடம் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அம்மா மூங்கில் கணுக்களைத் தடவினாள்.

"கத்தி மாதிரி இருக்குடி. சின்னப் புள்ளைங்க சறுக்குனா தோலை உரிச்சுப்புடும்."

லயத்துக்கு ஏறிப்போய், பொழுது சாய்வதற்குள் ஒரு படங்கோடு திரும்பி வந்தாள். கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்கு அது. கிழித்துக் கணுக்கணுவாகச் சுற்றி இறுக்கினாள்.

"படங்கு கட்டியாச்சு. கூடையை மாட்டுனா இதையும் மலைக்கு அனுப்பிறலாம்" என்றாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பெற்றோர்கள் பார்க்க வருவதாக இருந்தது. காலை வெயிலில் என் கண்ணுக்குச் சாக்கு மட்டுமே தெரிந்தது. அதைப் பார்த்தால் என்னையும் எந்த இடத்தவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. மணி அடிக்குமுன் எல்லாவற்றையும் அறுத்து வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறுமி உச்சியிலிருந்து சறுக்கினாள். உள்ளங்கை பிளந்துவிட்டது.

"மூங்கிலைச் சீவேல்லையோ, பிள்ளை?" என்று கேட்டார் பெரிய டீச்சர்.

"வேலை செஞ்சவங்க சரியாச் சீவல்ல, டீச்சர்."

"ஓம், இந்தக் கூலியாக்களிட்டக் குடுத்தா இப்பிடித்தான்."

நான் தலையாட்டினேன்.

அன்று மாலை நல்ல மழை. அம்மா கொழுந்து மலையிலிருந்து லயத்துக்கு இறங்கி வந்தாள். இடுப்பில், போன வருடமே தூக்கிப் போட்டிருக்க வேண்டிய ஓட்டைப் படங்கு. சேலை தொடையோடு ஒட்டியிருந்தது. மூங்கிலுக்குக் கிழித்தது அவளுடைய புதுப் படங்கு. அறுக்கும்போது அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"புள்ளைங்க ஏறுச்சுங்களா?"

"ஏறுச்சுங்கம்மா."

"கைக்கு ஒண்ணும் ஆவலையே?"

"இல்லை" என்றேன்.

"சாக்கு நைஞ்சா சொல்லு. வேற ஒண்ணு பாப்போம்" என்றபடி அம்மா வாசலில் நின்று சேலையைப் பிழிந்தாள்.