கவிழ்த்து வைத்த தட்டுகள்

ராயபுரத்தில் நாங்கள் நான்கு தலைமுறையாக இருந்த வீட்டை ஊர் வரலாற்றுக் காட்சிசாலை ஆக்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கொள்ளுத்தாத்தா கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் படகுகள் வைத்திருந்தாராம். அதனால் எங்கள் கட்டில், நாற்காலி எல்லாமே சரித்திரமாம். கூரை ஒழுகியபோது எந்தச் சரித்திரமும் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா இறந்தபின் வீட்டைச் சாமான்களோடு கொடுத்துவிட்டு, அம்மாவும் நானும் பெரம்பூரில் வாடகைக்குப் போனோம்.

திறப்பு விழாவுக்கு முன்பு வீட்டைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். வெளியே உச்சி வெயில். உள்ளே வார்னிஷ் வாடையும், கிணற்றுக்குள் இறங்கியது போன்ற குளிர்ச்சியும். சாப்பாட்டு அறை வாசலில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மேசைமேல் எங்கள் நால்வரின் தட்டுகளும் அவரவர் இடத்தில் இருந்தன. எல்லாம் கவிழ்ந்திருந்தன.

எங்கள் வீட்டில் செத்தவர் தட்டைத்தான் கவிழ்ப்போம். இறந்தவருக்காக மாதா கோயிலில் வைக்கும் ஆத்துமப் பூசை முடிந்த அன்று கவிழ்த்தால் பிறகு நிமிர்த்துவதில்லை. யுத்த காலத்தில் ரங்கூன் கப்பலில் போன அண்ணன் திரும்பி வரவில்லை. அவன் தட்டு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. பூசை வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அம்மா சண்டைக்கே போய்விடுவாள்.

"இன்னாடி, நம்ம எல்லாருமே செத்துப் பூட்டோமா?" என்றாள் அம்மா.

காட்சிசாலைக் காவலாள் ஓடி வந்தார். "தூசி வுழக்கூடாதுன்னு நான்தாம்மா கவுத்து வச்சேன்."

அம்மா தன் தட்டை நிமிர்த்தினாள். அடுத்து என்னுடையதை. அப்பாவின் தட்டைத் தொடவில்லை. அண்ணன் தட்டில் கை வைத்தாள். அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மேசைதான் ஆடியது.

"வார்னிஷ் காயலம்மா, ஒட்டிக்கினு கீது," என்றார் காவலாள். அதே மேசை, அதே வார்னிஷ். மற்ற இரண்டு தட்டும் மட்டும் எப்படி வந்தன?

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "கோயில்ல சாமியாரு இருப்பாரா இப்போ?"

"எதுக்கு?"

"பூசைக்குச் சொல்லணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. மேசையில் ஒட்டிய தடம்கூட இல்லை.

"பாரும்மா, வந்துடுச்சு! நிமித்திட்டேன் பாரு!" என்று கத்தினேன்.

அதற்குள் வாசலுக்குப் போயிருந்த அம்மா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு வந்துச்சு. பெத்தவ நான் ரெண்டு கையாலயும் இஸ்தேன், வர்லியே."