மேஸ் போடக் கூடாத சப்பாத்து

என் சின்ன மாமா மலை ஏறுகிறவர் என்று எங்கள் வகுப்பில் பரவியிருந்த செய்திக்கு நான்தான் முழுப் பொறுப்பு. எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டின் மேல்தட்டில் குடியிருந்தோம். அம்மாவின் கடைசித் தம்பியான சின்ன மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் முன்னறையில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கி நான்கு மாதமாகியிருந்தது. வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ முன்னறையில் காத்திருந்தார்கள். ஆகவே மாமா ஒருவர் வந்து நிற்பதில் தனியாகப் பெருமைப்பட எதுவும் இருக்கவில்லை.

பெருமை வந்தது, ஏஜென்சிக்காரர் ஒருநாள் அப்பாவோடு தணிந்த குரலில் கதைத்துவிட்டுப் போன பிறகு. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு விளங்கியது ஒரே ஒரு விஷயம்தான்: வழியில் ஓரிடத்தில் மலை ஏற வேண்டி வருமாம், வழுக்காத சப்பாத்து வேண்டுமாம். நேரே மாமாவிடம் போய் அது உண்மையா என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார்.

"ஓம், மலை ஏறத்தான் போறன்," என்றார் மாமா.

எல்லையைக் களவாகக் கடப்பதைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு, வேறு எப்படிச் சொல்வது? அடுத்த நாள் இடைவேளை முடிவதற்குள் அவர் உலகத்திலேயே உயரமான மலையில் ஏறப் போகிற ஆளாகிவிட்டார். கொடி நடுவதாகவும் ஒரு பேச்சு இருந்தது. எந்தக் கொடி என்று யாரும் கேட்கவில்லை, நல்லகாலம்.

கொச்சிக்கடைப் பக்கத்தில் வயதான, பருத்த ஒரு முஸ்லிம் நானா பழைய பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தார். கப்பலில் வருகிறவர்களும் ஊர் சுற்ற வருகிற வெள்ளைக்காரரும் கழித்துவிட்டுப் போகிற சப்பாத்து, சூட்கேஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு பின்னேரம் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பள்ளிக்கூடச் சட்டையை மாற்ற வேண்டாம் என்று அம்மா சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. மற்ற நாட்களில் வந்தவுடன் கழற்றாவிட்டால் ஏச்சு விழும். சோதனைச் சாவடிகளில் தனியாக வருகிற வடக்குப் பெடியனைப் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள், சீருடை போட்ட பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை அநேகமாக விட்டுவிடுவார்கள் என்பது பெரியவர்களின் கணக்கு. கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. மாமாவுக்கு அதில் ஒரு சொல் தெரியாது. நான் நினைத்ததோ, மாமாவுக்கு என்னில் விருப்பம், அதனால்தான் கூட்டிப் போகிறார் என்று. விருப்பம் இருந்ததும் உண்மைதான்.

கடையில் மாமா வாய் திறப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டு, இவர் மலை ஏறப் போகிறார், மலை ஏறுகிற சப்பாத்து வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாமா மனதில் வைத்திருந்தது ஏதோ தடித்த அடி வைத்த சாதாரண சப்பாத்து. நானாவோ என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே இருந்தது போல ஒரு சப்பாத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீல நிறம், மெல்லிய தோல். அடியில் வரி ஒன்றுமில்லாத வழவழத்த கறுப்பு ரப்பர். முன்பக்கம் கூராகிப் புளியம்பழம் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தது.

"இது நடக்கிறதுக்கு இல்ல மகள், பாறையில ஒட்டுறதுக்கு," என்றார் நானா. விற்ற வெள்ளைக்காரன் எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனானாம். கால் உள்ளே இறுகி நிற்க வேண்டும். விரல்கள் நுனியில் முட்டிக் கொஞ்சம் மடங்க வேண்டும். குதிக்காலில் காற்றுப் புகவும் இடம் இருக்கக் கூடாது. முக்கியமாக, மேஸ், அதாவது காலுறை, போடவே கூடாது. போட்டால் கால் உள்ளுக்குள் வழுக்கும்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்கள் வீட்டில் சப்பாத்து என்றால் இரண்டு அளவு பெரிதாக வாங்கி, நுனியில் பஞ்சு அடைத்து, கால் வளர வளரப் பஞ்சைக் குறைத்துக்கொண்டு வருவது. பஞ்சு முடிகிற நேரம் சப்பாத்தும் முடிந்துவிடும். வேண்டுமென்றே சின்னதாகச் சப்பாத்து வாங்குகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

மாமா வேண்டாம், வேறு பார்ப்போம் என்று எழும்பினார். மேஸைக் கழற்றிப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும் என்றார் நானா. மாமா கழற்றவில்லை. வீட்டிலும் அவர் மேஸ் கழற்றுவதில்லை. கொழும்பு வெக்கையில் எந்த நேரமும் சாம்பல் நிற மேஸோடு திரிவார். குளிர் நாட்டுக்கு இப்போதே பழகுகிறார் என்று அப்பா சொல்வதை நான் நம்பியிருந்தேன். நானா அவருடைய காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு கடையில் வேலைக்கு நின்ற ஆளைத் தேத்தண்ணி வாங்கிவர அனுப்பிவிட்டு, வாசல் திரையை இழுத்துவிட்டார். அந்த வயதில், அந்த உடம்போடு, நிலத்தில் உட்கார்ந்து மாமாவின் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து மேஸைத் தானே உரித்தார்.

சின்ன விரலும் பக்கத்து விரலும் இல்லை. ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து போனவை. வடக்கிலிருந்து வந்த பெடியன் ஒருவனின் உடம்பில் காயம் இருந்தால், அது இயக்கத்தில் சேர்ந்து சண்டை பிடித்து வாங்கிய காயம் என்றே அந்தக் காலத்தில் எடுத்துக்கொள்வார்கள். மண்ணெண்ணெய்க் கதையைக் கேட்க ஆளிருக்காது. ஆமி பிடித்துக் கொண்டுபோனால் எங்கே என்று தேடித் திரிய வேண்டும், திரும்பி வராதவர்களும் உண்டு. அதனால் அந்தக் காலை எங்கள் வீடே சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

விரல் எங்கே என்று கேட்டேன். சைக்கிள் செயினுக்குள் போய்விட்டது என்றார் மாமா. பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை. எட்டு விரல் எண்டு தெரிஞ்சா என்னை மலை ஏற விடமாட்டாங்கள்."

அம்மாளாணைச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் மாமாவை மலையிலிருந்து கழித்துவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

நானா ஒரு பழைய செருப்பிலிருந்து ஸ்பொஞ்சுத் துண்டு வெட்டி, இல்லாத விரல்களின் இடத்துக்கு அளவாகச் சீவி, இடது சப்பாத்துக்குள் ஒட்டினார். போட்டுவிட்டு நுனியைப் பெருவிரலால் அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். கொஞ்சம் நோகிறது என்றார் மாமா. நொந்தால்தான் அளவு சரி என்றார் நானா. மாமா எழும்பி, அங்கே கிடந்த மர முக்காலியின் விளிம்பில் கால் நுனியை வைத்து ஏறி நின்றார். தட்டையான நிலத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற மனிதர், ஆடாமல் அசையாமல் நேராக நின்றார். நின்றுகொண்டு சிரித்தார். வந்த நான்கு மாதத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் கைதட்டினேன். நடக்க உதவாத சப்பாத்தை, நடந்தே நாடு கடக்கப் போகிறவர் வாங்கிக்கொண்டு வந்தது அந்தச் சிரிப்பினால்தான் என்று நினைக்கிறேன். அம்மா அவரை ஏசிய ஏச்சும் நியாயமானதுதான்.

அந்தக் கிழமை முழுதும் பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். அலை அடிக்காமல் போட்டிருந்த பெரிய கருங்கற்களில் மாமா ஏறுவார், நான் கீழே இருந்து புள்ளி போடுவேன். மேஸ் இரண்டும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பத்துக்கு எட்டுக்கு மேல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கரையில் காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒருவன் எங்களை நோக்கி இறங்கி வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத பெடியன். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுக் கடதாசி எல்லாம் பார்த்தான். அவை சரியாக இருந்தன. பிறகு சப்பாத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டான். எனக்கு வந்ததே உற்சாகம்! மாமா மலை ஏறப் போவதையும், சப்பாத்து இறுகி நிற்க வேண்டியதையும், விரல் மடங்க வேண்டியதையும், நோக வேண்டியதையும் மூச்சு விடாமல் சிங்களத்தில் ஒப்புவித்தேன். அவன் சிரித்துவிட்டுக் கழற்றச் சொன்னான்.

மாமா வலது சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார். அவன் உள்ளே கை விட்டுப் பார்த்தான், ரப்பரை வளைத்துப் பார்த்தான். அடுத்ததைக் காட்டினான். மாமா அசையவில்லை. அவன் மீண்டும் காட்டினான். இந்த முறை சிரிப்பு இல்லை.

இடது கால் வெளியே வந்ததும் அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியத்தை மீறவில்லை, ஆனாலும் காரியம் கெட்டுவிட்டது. அவனுடைய கையைப் பிடித்து, எட்டு விரல் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம், தெரிந்தால் மலை ஏற விடமாட்டார்கள், மாமா நன்றாக ஏறுவார், வேண்டுமானால் ஏறிக் காட்டச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன்.

அவன் என்னைப் பார்த்தான். தண்டவாளத்தின் ஓரமாக இன்னும் இரண்டு ஆமிக்காரர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் பார்த்தான். சப்பாத்தை மாமாவின் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தான்.

"மாமாட்ட மேஸ் தாகென கெதர யன்ன கியன்ன, நங்கி," என்றான்.

மாமாவை மேஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லு, தங்கச்சி என்கிறான். எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. இவ்வளவு நேரம் நான் படித்துப் படித்துச் சொன்னதை இந்த ஆள் காதில் வாங்கவேயில்லை. இந்தச் சப்பாத்துக்கு மேஸ் போடவே கூடாது, கால் வழுக்கும் என்று மறுபடி சொன்னேன். அவன் என்னோடு வாதாடவில்லை. மாமாவின் காலைக் காட்டி, "மேஸ்," என்றான். பிறகு திரும்பி, வருகிறவர்களை நோக்கி நடந்து போனான்.

மொழிபெயர்க்க மாமாவிடம் திரும்பினால், அவர் ஏற்கெனவே மேஸை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாமா, சப்பாத்து, மேஸ் மூன்றும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். முழங்காலுக்குக் கிட்ட வரும் வரைக்கும் இழுத்தார். கடல் காற்றுக் குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை மாமா புறப்பட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில், மலை என்று ஒன்று வரவேயில்லை, உருளைக்கிழங்குத் தோட்டமொன்றைத்தான் குறுக்கே நடந்து கடந்தோம் என்று எழுதியிருந்தார். அதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

ஆனால் ஆமிக்காரன் கடற்கரையில் மறித்த அன்று பின்னேரம், வீட்டுக்கு வந்தவுடன் அம்மாவிடம் முறையிட்டது நான்தான். மாமா சுவரோரமாக இருந்தார். காலைப் பார்த்தது, மேஸ் போடச் சொன்னது, நான் எடுத்துச் சொல்லியும் கேட்காமல் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அவன் சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். பிறகு என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "ஆர் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்," என்றார். அவருடைய கண்ணீர் என் தலையில் விழுந்தது.

அம்மாவுக்கும் விளங்கவில்லை என்று நான் நினைத்தேன். அணைப்பிலிருந்து விடுபட்டு நின்று, அந்தச் சப்பாத்துக்கு மேஸ் ஏன் போடக் கூடாது என்பதை முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.