பழைய தழும்பு

புது வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா திரையில் என் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு வெள்ளைத் தழும்பு.

"சின்ன வயசுல டிபி இருந்துச்சா?"

"இல்லையே."

"பழைய தழும்புன்னா பிரச்சினை இல்ல. புதுசுன்னா ட்ரீட்மென்ட் எடுக்கணும். எதுக்கும் அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க லா. சளி டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வேலையில சேர வேணாம்."

அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். தேக்கா சந்தையில் மீன் வாங்க நினைத்திருந்தேன். வாங்காமலே செங்காங்கிலுள்ள வீட்டுக்கு ரயிலேறினேன். ரயிலிலிருந்தே ஊரிலுள்ள அம்மாவை அழைத்தேன்.

"உனக்கு ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல" என்றார் அம்மா. நான் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னதுதான் இடித்தது.

சாயங்காலம் என் கணவர் வழக்கம்போல் வீட்டு வாசல் காரிடாரில் தொலைநோக்கியை நிறுத்திவைத்திருந்தார். நிலா தெரிந்தால் அவருக்குச் சோறு வேண்டாம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். நிலாவைக் காட்டத்தான் தெரியும்.

பார்த்தேன். ஒரு பெரிய குழியின் விளிம்பை உடைத்துக்கொண்டு ஒரு சின்னக் குழி.

"உடைஞ்சது முதல்ல விழுந்தது, உடைச்சது அப்புறம். இப்படித்தான் எது பழசுன்னு கண்டுபிடிக்கிறாங்க. சூரியக் குடும்பம் உருவான காலத்துல கல்லா வந்து விழுந்திருக்கு. பூமியும் அதே அடி வாங்கினதுதான். மழையும் காத்தும் அழிச்சிடுச்சு. பூமிக்குச் சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு நிலாவைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"நிலாவுல மட்டும் எப்படி அப்படியே இருக்கு?"

"அங்க துடைக்க யாரு இருக்கா?"

எரிச்சலாக வந்தது. நான் என் நெஞ்சைப் பற்றிக் கவலைப்பட, இவர் பூமியின் பால்யத்தைப் பேசுகிறார். ஆனால் அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ஐந்து வயதில் அம்மா தினமும் கொடுத்த சிவப்பு மாத்திரை ஞாபகம் வந்தது. சத்து மாத்திரை என்பார். அந்த வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.

ஸ்பீக்கரைப் போட்டு மறுபடி அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, அந்தச் சிவப்பு மாத்திரை எதுக்குக் குடுத்தீங்க?"

அம்மா குரலைத் தணித்து, "மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?" என்றார்.

மாப்பிள்ளை என் தோளை ஒட்டித்தான் நின்றார். கல்யாணத்துக்காக மறைத்திருக்கிறார்கள் என்று அவருக்கும் அந்த நொடியில் புரிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தான் இல்லையென்று சொல்லும்படி அவர் கையை அசைத்தார்.

"இல்லம்மா" என்றேன். அம்மா அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினார்.