மீனம்மா வீட்டுக் கிணறு

குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து விரலால் மூன்று தட்டு. உள்ளே கடுகளவு குமிழி தெரிந்தாலும் போதும், கணேஸ்வரன் அதைக் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுப்பார். பெட்ரோல் ஆவி அந்தக் குமிழிக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம், ஆய்வுக்கூடத்தில் உண்மை குறைந்து தெரியுமாம். ஐம்பத்தாறு வயது மனிதர் ஒரு குப்பித் தண்ணீரைப் பார்த்து, "என்னையே ஏமாத்தப் பாக்குறியா?" என்று கேட்பதைச் செர்காம் சாலையில் போகிறவர்கள் கண்டால் சிரிப்பார்கள். ஆனால் நின்று பார்க்கத்தான் யாருமில்லை.

அங்கே முன்பு ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. அதை மூடி, மண்ணுக்கடியில் இருந்த தொட்டிகளைத் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். கசிந்தது மட்டும் மண்ணிலேயே தங்கிவிட்டது. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க ஆறு குழாய்களை இறக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணேஸ்வரன் புக்கிட் ரம்பாயிலிருந்து வேனில் வந்து, அவற்றில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் குழலை விட்டுத் தண்ணீர் மொள்வார். கடைசியாக வேலிக்குப் பின்னால் உள்ள மீனம்மா வீட்டுக் கிணறு.

மாதிரி எடுக்கும் நாளில் அவர் பவுடர் பூசமாட்டார், தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கமாட்டார். வேனுக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிடுவார். கையில் ஒட்டிய வாடையே தண்ணீரைக் கெடுத்துக் காட்டிவிடும். "இருவது வருசத்துல ஒரு தடவகூட அன்னிக்கு வண்டிக்கு எண்ணெ ஊத்துனது இல்ல" என்பது அவருடைய பெருமை. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை. மனைவி இறந்து ஒன்பது வருடம். ஜொகூரில் இருக்கும் மகள் வாணி ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் பதிவு அனுப்புவாள். அதை வியாழன்வரை கேட்பார். தனியாக இருக்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். பிடிவாதக்காரர், நாம்தான் சொல்லவேண்டும்.

மீனம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கிணற்றில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். அதிகாரிகள் வந்து, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஆறு வருடமாகிறது. "பைப்புத் தண்ணியில போட்ட தேத்தண்ணி மருந்து மாதிரி இருக்கு லா தம்பி. எங் கெணத்துத் தண்ணியில போட்டா தெரியும்" என்பார், ஒவ்வொரு முறையும். சொல்லிக்கொண்டே ஒரு பெரிய குவளை தேத்தண்ணீர் நீட்டுவார். "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். மூன்று மாதத்தில் கணேஸ்வரனிடம் அப்படிக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

தொடர்ந்து நான்கு முறை தண்ணீர் சுத்தமாக இருந்தால் குழாய்களில் சிமெண்டு ஊற்றி மூடிவிடுவார்கள். கிணறு மறுபடி மீனம்மாவுக்கு, கணேஸ்வரனுக்கு வேலை வேறு ஊரில். மூன்று முறை சுத்தமாக வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நான்காவது முறை.

அன்று காலை, வேனில் பாதிக்குமேல் எண்ணெய் இருந்தும், பாவி மனிதர் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி வெறுங்கையால் எண்ணெய் ஊற்றினார். விரல் நனைந்தது. துடைக்கவில்லை. கெட்டுவிட்டது என்று முடிவு வந்தால் மறுபடி முதலிலிருந்து, இன்னும் ஒரு வருடம் இங்கே வரலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

நேரே கிணற்றடிக்குத்தான் போனார். அங்கே புது நைலான் கயிறும் சிவப்பு வாளியும் இருந்தன. வாளியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"பாசார்ல வாங்குனேன் தம்பி. இந்தத் தடவ நல்லா வந்துரும்ல? எனக்குக் கயிறு கட்டத் தெரியாது, யாரையாச்சும் கேக்கணும்."

கணேஸ்வரன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, இன்னிக்கு எடுக்க முடியாது. காலையில எண்ணெ ஊத்திட்டேன். கையில வாடை இருக்கு. நாளைக்கு வரேன்."

"நீங்களா ஊத்துனீங்க?" என்றார் மீனம்மா. அவரும் அந்தப் பெருமையை ஆறு வருடமாகக் கேட்டவர். "சரி, நாளைக்கும் தேத்தண்ணி இருக்கும் லா."

மறுநாள் வந்தார். சட்டை புதிது, கையுறை புதிது. ஆறு குழாயும் முடித்துக் கிணற்றில் மொண்டு குப்பியை நிரப்பினார். கவிழ்த்து மூன்று தட்டு. குமிழி இல்லை. மறுபடி தட்டிப் பார்த்தார், இல்லைதான். பெயர் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தார்.

"எப்படி தம்பி?"

"லேப்ல சொல்வாங்க அக்கா. ரிப்போர்ட் வர மூனு வாரம் ஆவும். அதுவரைக்கும் தொடாதீங்க."

தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். புதுக் கயிற்றின் நுனியை வாளியின் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தன் குழலுக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.